நான் அடிக்காத ஒரு போன்

1. மேசைமேல் வைத்த படம்

எங்கள் தொழிற்சாலைக்கு அரசாங்க அதிகாரிகள் வந்தால் முதலில் பேண்ட்ரியில் நல்ல பிஸ்கெட் டின்னைத் திறப்பார்கள். அன்று யாரும் திறக்கவில்லை. வந்த இருவரும் உட்காராமலேயே ஒரு படத்தை மேசைமேல் வைத்தார்கள். படத்தில் எங்கள் பெட்டி. எங்கள் லேபிள், எங்கள் சீரியல் நம்பர், மூலையில் நான் ஒட்டச் சொன்ன சிவப்பு ஸ்டிக்கர்.

மூத்தவர் பெயர் ஹம்டான். மலாயில்தான் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன்; 'புவான்' என்றால் அம்மா, 'எஞ்சே' என்றால் ஐயா.

"புவான் தனலட்சுமி, பெர்மிட்ல இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா, எஞ்சே."

"இந்தப் பெட்டி எங்க போகணும்?"

"வளைகுடாவுல ஒரு மருந்து கம்பெனிக்கு."

"போகல. பக்கத்து நாட்டுத் துறைமுகத்துல பிடிச்சு வெச்சிருக்காங்க. அங்கேருந்து வேற கப்பல் ஏறப் பார்த்துச்சு. ஐ.நா. தடை போட்ட நாட்டுக்கு."

பெட்டிக்குள் ஆறு கேஜ். அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் எவ்வளவு அழுத்தம் மிச்சம் இருக்கிறது என்று துல்லியமாகக் காட்டும் கருவி. மருந்தை உறைய வைத்து உலர்த்தவும் அது வேண்டும். யுரேனியத்தைச் செறிவூட்டவும் அதேதான் வேண்டும். கருவிக்கு ரெண்டும் ஒன்றுதான். வித்தியாசம் பார்க்க வேண்டியவள் நான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

2. நியூயார்க்கில் போட்ட தீர்மானம், கூலிமில் என் தலையில்

நான் மலேசியாவில் பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவள். கூலிம் ஹைடெக் பார்க்கில் கம்பெனி பஸ் ஏறி வந்து, பெட்டிக்கு டேப் ஒட்டுவதில் ஆரம்பித்தேன். பிறகு ஷிப்பிங் கிளார்க். கடைசியில் ஏற்றுமதி பெர்மிட்டுக்குப் பொறுப்பு. தலைக்கனம் கொஞ்சம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வேலை எங்கிருந்து வந்தது என்று இப்போது சேரும் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. அணு ஆயுதம், ரசாயன ஆயுதம் செய்ய உதவும் சாமான் கண்டவன் கைக்குப் போகக்கூடாது, அதைத் தடுக்க ஒவ்வொரு நாடும் சொந்தமாகச் சட்டம் போட வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. அதன் பிறகு நம் நாட்டிலும் சட்டம் வந்தது. பட்டியலில் உள்ள சாமானை அனுப்ப பெர்மிட் வேண்டும். பெர்மிட்டுக்கு, "இதை நான்தான் பயன்படுத்துவேன், வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டேன்" என்று வாங்குபவர் கையெழுத்தும் சாப்பும், அதாவது கம்பெனி முத்திரையும், வைத்த தாள் வேண்டும். எண்ட்-யூசர் தாள் என்போம். பொய்த் தாள் என்று தெரிந்தே அனுப்பினால் சிறைவாசம் உண்டு.

சுங்கை பட்டாணியில் ஒரு ஹோட்டலில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நான் எழுந்து கேட்டேன்: "அந்த மன்றத்துல நிரந்தரமா உட்கார்ந்திருக்கிற அஞ்சு நாட்டுக்கிட்டயும் அணுகுண்டு இருக்கு. அவங்க வெச்சிக்கலாம், நாங்க ஒரு கேஜ் அனுப்பினா குத்தமா?"

எல்லாரும் சிரித்தார்கள். பயிற்சி கொடுத்த அம்மாள் சிரிக்கவில்லை. "கேள்வி நியாயம்தான். ஆனா நம்ம துறைமுகம் வழியா எது வேணும்னாலும் போகலாம்னு ஒரு பேரு வந்துச்சுன்னா, அப்புறம் நம்ம கப்பலை எவனும் நம்ப மாட்டான். பக்கத்து நாடு நம்மைக் கவனிக்குது, நாம அவங்களைக் கவனிக்கிறோம். இந்த வட்டாரத்துப் பாதுகாப்புன்னா பாதி அதுதான்" என்றார்.

அதாவது எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட வேண்டும், அதுவும் சட்டப்படி. எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப் போனது. சந்தேகம் எனக்குக் கைவந்த கலை.

3. வாசலில் இருப்பவனைக் கேள்

வாங்குபவரை விசாரிக்க எல்லாரும் அவர்கள் ஆபீசுக்கு மின்னஞ்சல் அனுப்புவார்கள். ஆபீசில் இருப்பவன் என்ன சொல்வான்? கம்பெனி நன்றாக இருக்கிறது என்பான். நான் வாசல் காவலுக்குப் போன் அடிப்பேன். காவலரை நாங்கள் ஜாகா என்போம். எந்த லாரி வருகிறது, எந்த லாரி போகிறது, கேண்டீனில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் ஜாகாவுக்குத்தான் தெரியும். அவனுக்குப் பொய் சொல்லக் காரணமும் கிடையாது.

போன் அடித்த தேதி, பேசியவர் பெயர், சொன்ன விஷயம் எல்லாவற்றையும் சின்னத் தாளில் எழுதி ஃபைலில் குத்தி வைப்பேன். இப்படி ஒரு தடவை, பால்மாவு ஆலை என்று சொன்ன இடம் வெறும் கார் கழுவும் கடை என்று கண்டுபிடித்தேன். அன்று மேனேஜர் மிஸ்டர் ஓங் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை.

4. ஜெயரத்தினம் மேல் எனக்கிருந்த கண்

சேல்ஸ் மேனேஜர் பெயர் ஜெயரத்தினம். யாழ்ப்பாணத்து வழி. வழுவழுவென்று இங்கிலீஷ், தமிழ் பேசினால் அது ஒரு தினுசு. "இன்னும் சைன் வைக்கேல்லையோ தனம்?" என்று அவர் கேட்டால் என் ரத்தம் கொதிக்கும். எஸ்டேட்டில் எங்கள் ஆட்களை வெயிலில் நிற்க வைத்துப் பேர் கூப்பிட்ட கிராணிமார், அதாவது கணக்குப்பிள்ளைமார், பேசிய தமிழ் அது. இவர் தாத்தாவும் அப்படி ஒரு கிராணிதான் என்று பேக்கிங் பிரிவில் பேசிக்கொள்வோம்.

அதனால் அவர் கொண்டு வரும் வாடிக்கையாளருக்கு ஒரு போன் இல்லை, இரண்டு போன் அடிப்பேன். மூன்று மாதக் கணக்கு முடியும் சமயத்தில் அவர் அவசரப்படுத்தினால், வேண்டுமென்றே ஒரு நாள் தள்ளிப்போடுவேன். அவர் கார் நிறுத்துமிடத்தில் நின்று போன் பேசினால் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். என்ன பேசினார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பார்த்ததே போதும் என்று நினைத்தேன்.

அந்த மருந்து கம்பெனி எங்களிடம் முன்பே இரண்டு முறை ஒழுங்காக வாங்கியிருக்கிறது. மூன்றாவது ஆர்டர் ஓர் ஏஜென்ட் வழியாக வந்தது. பெட்டி கிளம்புவதற்கு முன்தினம் ஜெயரத்தினம் எனக்கு இங்கிலீஷில் ஒரு மின்னஞ்சல் போட்டார். சாரம் இதுதான்: "மூன்று முறை போன் செய்துவிட்டேன், அந்தக் கம்பெனியில் எடுப்பார் இல்லை. அவர்கள் இருக்கும் தொழிற்பேட்டையின் வாசல் நம்பர் கீழே தந்திருக்கிறேன். நீங்கள் வழக்கமாகக் கேட்பது போலக் கேளுங்கள். பிறகு அனுப்பலாம்."

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'பார்த்தாயா, நாளைக்கு ஏதாவது வந்தால் தப்பிக்க இப்போதே எழுதி வைக்கிறார் பார்' என்று நினைத்தேன்.

அன்றே மதியம் எண்ட்-யூசர் தாள் வந்துவிட்டது. கொண்டு வந்தவர் குமரேசன். எங்கள் சரக்கைத் துறைமுகத்துக்கு அனுப்பும் ஃபார்வர்டர். நாற்பது வயது, சொந்தத் தொழில். எங்கள் எஸ்டேட் லயத்து வரிசையில் மூன்றாவது வீடு. அவன் அம்மாவும் என் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டியவர்கள். "அக்கா, ஒரிஜினல் சாப்பு, ஒரிஜினல் சைன், பார்த்துக்குங்க லா" என்று மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நீட்டினான். தாள் வாங்குபவரிடமிருந்து நேராக எனக்கு வர வேண்டும், நடுவில் யார் கையும் படக்கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவளே நான்தான். குமரேசனுக்கு அதை நான் ஒரு நாளும் காட்டியதில்லை. கவுண்டரிலேயே கையெழுத்துப் போட்டேன். போன் அடிக்கவில்லை.

5. வளைகுடாவில் ஒரு தமிழ்க் குரல்

அதிகாரிகள் வந்து போன அன்று மாலை மிஸ்டர் ஓங் என்னைக் கூப்பிட்டார். "ஜெயரத்தினம் சொல்றாரு, உனக்கு முன்னாடியே வார்னிங் குடுத்தேன்னு. உண்மையா?"

"வார்னிங் குடுத்தவர் ஏன், பாஸ், ஷிப்மென்ட்டை நிறுத்தல? தன்னைக் காப்பாத்திக்க எழுதினது அது" என்றேன். நிறுத்தும் அதிகாரம் எனக்கு மட்டும்தான் இருந்தது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை.

மறுநாள் ஜெயரத்தினத்தின் அக்சஸ் கார்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த மனிதர். மேசைமேலிருந்த மூக்குக் கண்ணாடிப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். எனக்குப் பாவமாக இல்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்பே வீண்.

ஹம்டான் வியாழக்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லியிருந்தார். ஜெயரத்தினத்தை ஒரேயடியாக மாட்ட வைக்க எனக்கு இன்னும் ஒரு ஆதாரம் வேண்டும். அந்த மின்னஞ்சலில் அவர் தந்த வாசல் நம்பரே போலி என்று காட்டிவிட்டால் கதை முடிந்தது. அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை மதியம் அந்த நம்பரைச் சுழற்றினேன். அங்கே காலை நேரம். முதலில் இந்தியில் ஏதோ கேட்டார்கள். நான் இங்கிலீஷில் இழுக்கவும், அந்தப் பக்கம் குரல் மாறியது.

"நீங்க தமிழா மேடம்?"

"ஆமாப்பா. மலேசியாவுலேருந்து பேசறேன்."

"மலேசியாவா! நமக்கு ராமநாதபுரம் பக்கம்க்கா. சொல்லுங்க."

மருந்து கம்பெனியின் பெயரைச் சொன்னேன்.

"அவங்களா? அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களேக்கா. நோன்பு ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே போயாச்சு. மெஷினெல்லாம் லாரியில ஏத்திட்டுப் போனப்ப நான்தான் கேட்டைத் திறந்து விட்டேன்."

குமரேசன் கொண்டு வந்த தாள் என் முன்னால் இருந்தது. நோன்பு முடிந்து வரும் ஹரி ராயா விடுமுறையும் கழிந்த பிறகு போட்ட தேதி. மூடிப்போன கம்பெனி, புத்தம்புது சாப்பு.

"அப்புறம் யாராச்சும் வந்தாங்களாப்பா?"

"ஒருத்தர் வந்தாரு. அந்தக் கம்பெனி பேருக்கு லெட்டர் ஏதும் வந்தா எடுத்து வைங்கன்னு போன் நம்பர் குடுத்தாரு. வம்பு எதுக்குன்னு நான் வாங்கிக்கல. ஏங்க்கா, ஏதும் பிரச்சினையா?"

ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்த ஒரு போனை ஒரு மாதம் முன்னால் அடித்திருந்தால் பெட்டி கிடங்கை விட்டே கிளம்பியிருக்காது.

6. அக்கா, ஒரே லயம்

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் குமரேசனைக் கூலிம் டவுனில் ஒரு கடைக்கு வரச் சொன்னேன். பால் இல்லாத தேநீர், இரண்டு தே ஓ, சொன்னான். நான் தொடவில்லை.

"அந்தத் தாள்ல சாப்பு எங்கேருந்துடா வந்துச்சு?"

"ஏஜென்ட் குடுத்தான்க்கா."

"கம்பெனி மூடிப் போச்சு. சாப்பு எப்படி வந்துச்சு?"

தே ஓவைக் கலக்கினான். "கம்பெனி இருந்தப்பவே அவங்க ஆளு நாலஞ்சு வெத்துத் தாள்ல சாப்பு வெச்சு, சைன் வெச்சு ஏஜென்ட்கிட்ட குடுத்துட்டான்க்கா. ஒவ்வொரு தடவையும் கூரியர்ல வந்தா லேட்டாவுதுன்னு. எல்லாரும் செய்றதுதான் லா, நீங்க என்னமோ புதுசா கேக்குறீங்க."

"எழுத்தெல்லாம் யாரு அடிச்சது?"

"நான்தான். நீங்க குடுத்த ஃபார்மெட்டுதானே."

"பெட்டி எங்க போகப் போவுதுன்னு தெரியுமா உனக்கு?"

"சத்தியமா தெரியாதுக்கா. துறைமுகம் வரைக்கும்தான் என் வேலை."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். கண் இமைக்கவில்லை. உண்மை சொன்னானா, பொய் சொன்னானா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. எத்தனையோ ஊர்க்காரர்களின் குரலைக் கேட்டே பொய்யைப் பிடித்தவள் நான். இவன் குரலை ஒரு நாளும் அந்தக் காதால் கேட்டதில்லை, அதனால் எனக்கு எடை போடத் தெரியவில்லை.

"நாளைக்கு அவங்க கேட்டா என்ன சொல்லப் போறீங்க?" என்றான்.

"கேட்டதைச் சொல்வேன்."

"அக்கா, அந்த ஆளு உங்களை என்னிக்காச்சும் மதிச்சானா? நம்ம தாத்தனுங்களை வெயில்ல நிக்க வெச்ச வம்சம். அவனுக்காக என்னைப் புடிச்சுக் குடுப்பீங்களா? ஒரே லயத்துல பொறந்தோம்க்கா." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீங்க வாயைத் திறந்தா நீங்களும்தான் மாட்டுவீங்க. சைன் உங்களோடது."

கெஞ்சினானா, மிரட்டினானா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். எனக்கு வந்த கோபத்தில் பாதி அவன் மேல், பாதி என் மேல். ஏனென்றால் அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நான் மனசுக்குள் முன்பே சொல்லிக்கொண்டதுதான்.

"போடா" என்று எழுந்து வந்துவிட்டேன்.

7. "இதை எழுதட்டுமா?"

வியாழக்கிழமை ஹம்டான் என் ஃபைல்களை வரிசையாகப் புரட்டினார். நான் போன் விஷயத்தைச் சொன்னேன். வெத்துத் தாள் விஷயத்தைச் சொன்னேன். ஜெயரத்தினத்தின் மின்னஞ்சலை அச்செடுத்துக் கொடுத்து, அதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதையும், மிஸ்டர் ஓங்கிடம் அவரைப் பற்றி என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

ஹம்டான் கேட்டார்: "மத்த எல்லா ஃபைல்லயும் ஜாகாகிட்ட பேசின குறிப்பு இருக்கு. இதுல மட்டும் ஏன் இல்ல?"

"தாள் கொண்டு வந்தவன் எங்க எஸ்டேட் ஆளு."

அவர் பேனாவை நிறுத்தினார். "இதை எழுதட்டுமா, புவான்?"

"எழுதுங்க."

அந்த ஒரு வார்த்தைக்கு என்ன விலை என்று எனக்குத் தெரிந்தேதான் சொன்னேன். என்னை இரண்டு முறை புத்ராஜெயாவுக்கு, அரசாங்கத் தலைமை ஆபீசுக்கு, வரவழைத்தார்கள். தெரிந்து செய்யவில்லை என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் கம்பெனி என் கையெழுத்து அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டது. மறுபடி பேக்கிங் பிரிவு, ஓய்வு பெறும் வரை. குமரேசன் மேல் வழக்கு போனது. அது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை, நான் எழுத மாட்டேன். அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவில் அவன் அம்மா என்னைப் பார்த்ததும் அர்ச்சனைத் தட்டோடு வேறு வரிசைக்குப் போய்விட்டார். என் வீட்டிலேயே, "சொந்த ஆளைக் காட்டிக் குடுத்தவ" என்ற பேச்சு கேட்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

ஜெயரத்தினம் வேலைக்குத் திரும்பினார். ஒரு வாரம் அவர் கண்ணில் படாமல் சுற்றினேன். பிறகு பேண்ட்ரியில் மாட்டிக்கொண்டேன்.

"தப்பு பண்ணிட்டேன் சார்" என்றேன்.

"அது ரிப்போர்ட்டிலேயே கிடக்குது. நான் கேட்கிறது வேறை. என்னை ஏன் உங்களுக்குப் பிடிக்கேல்லை?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "உங்க தாத்தா எஸ்டேட்ல கிராணி. எங்க ஆளுங்களைப் படாதபாடு படுத்தினவங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "என்ரை தாத்தா ரயில்வேயில விளக்குத் துடைச்சவர், தனம். எஸ்டேட் பக்கம் கால் வைச்சதே இல்லை. உலகம் முழுக்கப் போன் அடிச்சு விசாரிக்கிறீங்கள். பதினைஞ்சு வருஷமாப் பக்கத்து மேசையில இருக்கிற என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகப்படுங்கள், தாராளமாகப் படுங்கள். ஆனால் தாளைச் சந்தேகப்படுங்கள். அது யார் கையில் வருகிறது என்று பார்த்து, ஒருத்தருக்குக் கூட்டியும் ஒருத்தருக்குக் குறைத்தும் படாதீர்கள். இந்தச் சட்டத்தை யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்பதில் எனக்கு இன்னமும் சந்தேகம் தீரவில்லை. அது இருக்கட்டும். அந்த ஆறு கேஜும் போகக்கூடாத இடத்துக்குப் போகாமல் நின்றது என் சாமர்த்தியத்தால் இல்லை. பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் யாரோ ஒரு சுங்க ஊழியர். அவருக்கு என் ஊர் தெரியாது, என் சாதி சனம் தெரியாது. என் கையெழுத்தைப் பார்த்தார், நம்பவில்லை, பெட்டியைத் திறந்தார்.